பழைய படம் பழசாகிவிட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிறு வயதில் பார்த்து உருகிப்போன ஒரு படத்தை, பல வருடம் கழித்து புது டிவியில் பார்த்தேன். செட் செட்டாகவே தெரிகிறது; நடிப்பு ஏதோ சீரியல் போல இருக்கிறது. படம் அவ்வளவுதானா, என் ரசனை மாறிவிட்டதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் டிவியைச் சந்தேகப்படுங்கள். பேசும் படம் வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி நிலைப்படம், கணக்கில் எடுக்கப்பட்டது. புது டிவிகள் பலவும் அந்த 24க்கு நடுவே தாமாகவே ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகி, 60 அல்லது 120 ஆக்கிக் காட்டுகின்றன. அசைவு வழுக்கிக்கொண்டு போவதும், வீடியோ கேமராவில் எடுத்த சாயல் வந்து ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். யாராவது ஜன்னல் கம்பிகளையோ கதவுச் சட்டத்தையோ கடந்து நடக்கும் ஒரு ஷாட்டுக்குப் போங்கள். அவர் தோளைச் சுற்றி நீரலை போல ஒரு விளிம்பு நடுங்குகிறதா? வீசும் கையின் விரல்கள் ஒரு கணம் கரைந்து மறுபடி முளைக்கின்றனவா? அப்படியென்றால் செருகல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பிக்சர் செட்டிங்கில் ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும், அதை அணையுங்கள். விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாறுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதுவே நல்லது. நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். ஃபிலிமின் மணற்புள்ளிகளை அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகும். ஷார்ப்னெஸ்ஸை, கறுப்புத் தலைமுடியைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள்.

“எல்லாம் மாற்றிவிட்டேன், பலனில்லை” என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது: பல டிவிகளில் இந்த மாற்றம் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். படம் ஓடும் இணைப்பில் இருந்தபடியே மாற்றுங்கள். பிறகு அதே பத்து நிமிடத்தை மறுபடி பாருங்கள். அதற்கப்புறமும் நாடகமாகத் தெரிந்தால் தீர்ப்புச் சொல்லலாம்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படங்களில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவது உறுத்துகிறது. ஜூம் செய்து திரை முழுக்கப் பார்த்தால் என்ன கெடும்?

பதில்: நிறையவே கெடும். 1932 முதல் ஹாலிவுட்டில் நிலைத்த சட்டகம், அகலத்துக்கு உயரம் என்ற கணக்கில், 1.37:1. இன்றைய டிவி 1.78:1. அகலத்தை நிரப்ப ஜூம் செய்தால் உயரத்தில் கிட்டத்தட்ட 23 சதவீதம் போய்விடும். ஜப்பானிய இயக்குநர் ஓஸு கடைசிப் படம்வரை அகலத்திரைக்கு மாறாமல், கேமராவைத் தரைக்கு அருகே தாழ வைத்து எடுத்தவர். அவருடைய ஒரு ஃப்ரேமில் கால் பங்கை வெட்டிவிட்டு “மெதுவாக இருக்கிறது” என்று சொல்வது நியாயமில்லை.

ஜூமுக்குப் பதிலாக இழுத்து நீட்டினால் மனிதர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். முட்டை வடிவில் தெரிந்தால் நீட்டல்தான். டிவியில் நடந்த நீட்டலையும் ஜூமையும் ஒரிஜினல் அளவுக்கு மாற்றிச் சரிசெய்யலாம். பிரதியிலேயே வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டைட்டில் எழுத்துகள் மேலும் கீழும் விளிம்பை இடிக்கின்றனவா, நிற்பவர்களின் நெற்றி போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வேறு பிரதி தேடுங்கள்.

கேள்வி: மௌனப் படங்களில் ஏன் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகவே இருக்கிறார்கள்?

பதில்: கைப்பிடியைச் சுழற்றிப் படமெடுத்த காலத்தில் வேகம் 16 முதல் 24 ஃப்ரேம்வரை படத்துக்குப் படம் மாறும். 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். பிளேயரில் 0.75 வேகம் வைத்தால் 24 என்பது 18 ஆகும். பல படங்களுக்கு அது பொருந்தும். இசையை மியூட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் இழுக்கும். கொட்டும் தண்ணீரும் நடப்பவர் நடையும் இயல்பாகத் தெரிவதுதான் சரியான வேகத்துக்கு அடையாளம். கவனமாகச் சீரமைத்த பிரதிகளில் வேகத்தை முன்பே திருத்தியிருப்பார்கள், அவற்றைத் தொடாதீர்கள். நகைச்சுவைத் துரத்தல்களை வேண்டுமென்றே வேகமாகத் தெரியும்படி எடுத்ததும் உண்டு. அது கோளாறல்ல.

கேள்வி: பழைய கலர் படங்களில் முகமெல்லாம் ரோஜா நிறமாக இருக்கிறது. டிவியில் சிவப்பைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 1950களிலிருந்து 70கள்வரை வந்த ஈஸ்ட்மேன்கலர் என்ற கலர் ஃபிலிம் பிரிண்டுகளில் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பின் பக்கம் சாய்ந்த படம். இல்லாத நிறத்தை டிவியால் வரவழைக்க முடியாது. நெகட்டிவிலிருந்து சீரமைத்த பிரதி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நெகட்டிவே எரிந்தாலும் கதை முடிந்துவிடாது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் (1955) மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் தீயில் கருகியது. எஞ்சிய சுருள்களையும் வேறு பிரதிகளையும் சேர்த்து 4கே தரத்தில் சீரமைத்து 2015இல் வெளியிட்டார்கள். கீறலும் மங்கலுமாக ஓடிய பிரதியை மட்டுமே பார்த்துவிட்டு அந்தப் படத்தை மதிப்பிட்டவர்கள் அவசியம் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரிசெய்த பிறகும் சில படங்கள் தாங்கவில்லையே. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: தாங்காத படங்கள் உண்டு. ஆனால் எது பழசாயிற்று என்று பிரித்துப் பாருங்கள். 1929, 30 வாக்கில் வந்த பேசும் படங்கள் பலவும் விறைப்பாக இருக்கும். மைக்கை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, சத்தம் கேட்காமலிருக்கக் கேமராவைக் கூண்டுக்குள் அடைத்தார்கள். நடிகர்கள் மைக்கைச் சுற்றியே நின்றார்கள். அதற்குச் சில வருடம் முன்பு வந்த இயக்குநர் முர்னாவின் ‘சன்ரைஸ்’ (1927) என்ற மௌனப் படத்தில் கேமரா தாராளமாக மிதந்து போகும். ஆகவே ஒரு படத்தின் வயதை மட்டும் வைத்து அது தாங்குமா என்று கணிக்க முடியாது.

கருத்து பழசாவது வேறு விஷயம். ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) கு கிளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பினரை வீரர்களாகக் காட்டியது. “அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்” என்பது சரியான சமாதானமல்ல. படம் வெளியானபோதே கறுப்பின மக்களின் அமைப்புகள் எதிர்த்துப் போராடின. அதன் படத்தொகுப்பிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அதற்காக அதன் கருத்தை மன்னிக்க வேண்டிய கட்டாயமில்லை.

நிலைத்து நிற்பது எது என்று கேட்டால், ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) கடற்கரைச் சுவரில் வயதான தம்பதி உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்வேன். வீட்டுக்குப் போகலாம் என்று எழும்போது அந்த அம்மாளுக்குத் தலை சுற்றி, ஒரு கணம் தடுமாறி அப்படியே குனிகிறார். க்ளோசப் கிடையாது, அதிரும் இசை கிடையாது. வயதான பெற்றோர் உள்ள எவருக்கும் அந்தத் தடுமாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: விமர்சகர்களின் ‘சிறந்த படங்கள்’ பட்டியலை நம்பலாமா?

பதில்: எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ள மட்டும். ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் 1952இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம். 1962 முதல் 2002வரை ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ‘ழான் டீல்மான்’. 1958இல் வந்த ‘வெர்டிகோ’ முதல் பத்துக்குள் நுழைந்ததே 1982இல்தான். படத்தில் ஒரு ஃப்ரேமும் மாறவில்லை.

கேள்வி: மறுபடி பார்க்கும்போது நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: விளக்கை அணையுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். முதல் 20 நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். அதன் நடைக்குக் கண் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். ஓடும் நேரத்தையும் சரிபாருங்கள். 120 நிமிடப் படம் 115 நிமிடமாக இருந்தால் 25 ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிரதியாக இருக்கலாம். அதில் குரல்கள் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். 95 நிமிடமென்றால் வெட்டியிருக்கிறார்கள், வேறு பிரதி தேடுங்கள்.