பகலில் உளி, மாலையில் வில்

பிழைப்புக்கு ஒரு வேலை, மனதுக்கு இசை என்று இருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம். வேலை எதுவானாலும் அது கையையோ காதையோ தொண்டையையோ கொஞ்சம் செலவழித்துவிடுகிறது. மாலையில் சாதகத்துக்கு உட்காரும்போது மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் வாசிக்க வேண்டும். பதில்களை அந்தக் கணக்கில் படியுங்கள்.

நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு வேலை. இரவில் ஒரு மணி நேரம் வீணை. சில வாரங்களாக இடது கை மரத்துப்போகிறது. வீணையை நிறுத்திவிடட்டுமா?

எந்த விரல் மரக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது. சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியும் என்றால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில்தான். முழங்கையை மடக்கிக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டே பேசுவது, கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது இரண்டுமே அந்த நரம்பை இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது வகையாக இருந்தால் வீணையின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம்.

முதல் வகை என்றால் பகலிலிருந்து சரிசெய்யுங்கள். விசைப்பலகையின் பின்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். அவற்றை விரித்து வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே நிற்கும். மடக்கிவிடுங்கள். முழங்கை மேசை உயரத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றிக்கொள்ளுங்கள். வீணையில் தண்டிக்கு அடியில் கையைச் சுற்றிக் கொண்டுவரும்போது மணிக்கட்டு மறுபடி மடங்குகிறது. எட்டு மணி நேரம் ஒரு பக்கம் வளைந்த கை, இரவில் மறுபக்கம் வளைந்துகொண்டு கம்பியை இழுக்கிறது. அதனால் முதல் ஐந்து நிமிடம் கமகம் (கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைப்பது) இல்லாமல் வெறும் ஸ்வரம். பிறகு 20 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் கையைத் தொங்கவிட்டு ஓய்வு. இழுப்பு அதிகமுள்ள ராகங்களை இரண்டு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கருவியையும் சோதியுங்கள். மெட்டுகளைப் பதித்த மெழுகு இறங்கி மேளம் (மெட்டுகளின் வரிசை) கலைந்த வீணையில் சில இடங்களில் கம்பி மெட்டிலிருந்து மிக உயரமாக நிற்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வேண்டாத பலம் போகும். மேளம் கட்டித் தரச் சொன்னால் பாதி வலி போய்விடுவதும் உண்டு.

பலர் செய்யும் பெரிய தவறு, வாரம் முழுக்க விட்டதை ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் வாசித்து ஈடுகட்டுவது. தசைநாண் அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இரவில் மரப்பு எழுப்பிவிட்டாலோ, மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, கட்டைவிரலில் பிடி தளர்ந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்குமேல் கைவைத்தியம் வேண்டாம்.

இயந்திரச் சத்தம் அதிகமுள்ள ஆலையில் வேலை செய்கிறேன். மாலையில் டிரம்ஸ். காதுக்குக் கெடுதல் என்கிறார்கள், உண்மையா?

உண்மைதான். ஆனால் டிரம்ஸை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒலிக்கும் நாள் வரம்பு உண்டு. பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு பரிந்துரைப்படி 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். காதை மூடாமல் 85 டெசிபெல் ஆலையில் ஒரு ஷிப்ட் முடித்தவர் அன்றைய பங்கை அங்கேயே தீர்த்துவிட்டார். மூடிய அறையில் டிரம்ஸ் வாசிப்பவரின் காதருகே 100 டெசிபெல் என்பது சாதாரணம். அப்படியானால் மாலையில் வாசிப்பது முழுக்கக் கடன்.

கடனை இரண்டு பக்கமும் குறைக்கலாம். ஆலையில் நுரை அடைப்பான் போடுங்கள், சரியாகப் போடுங்கள். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பலன் மிகக் குறைவு. மாலையில் அதே அடைப்பான் உதவாது. அது உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டும், சிம்பல் மங்கிக் கேட்கும், நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான்கள் 9, 15, 25 டெசிபெல் என்ற அளவுகளில் கிடைக்கின்றன. இவை எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். டிரம்ஸுக்கு 15க்குக் குறையாமல் எடுங்கள். வேலை நாட்களில் ரப்பர் பலகையில் கைப்பழக்கம், விடுமுறையில் முழு செட் என்று பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்தபின் காதில் ரீங்காரம் இருந்தாலோ, தொலைக்காட்சிச் சத்தத்தை வழக்கத்தைவிடக் கூட்டி வைக்கத் தோன்றினாலோ அன்று வாசிக்காதீர்கள். செவி களைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

பள்ளி ஆசிரியை நான். மாலையில் பாட்டு வகுப்பு. வெள்ளிக்கிழமை வந்தால் தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்வரங்கள், எட்டுவதே இல்லை.

தொண்டையால் பிழைப்பவர் தொண்டையாலேயே பாடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான சேர்க்கை. முதலில் வகுப்பறையைச் சரிசெய்யுங்கள். சத்தத்துக்கு மேல் சத்தம் போட வேண்டாம். கையைத் தட்டி அமைதி வந்தபின் பேசுங்கள். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி கூச்சப்பட வேண்டிய பொருள் அல்ல. தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்யும் பழக்கத்தை விட்டு, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குரல் போன நாளில் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. மெதுவான இயல்புக் குரலே மேல்.

பள்ளி முடிந்து அரை மணி நேரம் பேச்சே வேண்டாம். பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 2 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, குமிழ்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும்படி ‘ஊ’ என்று ஒலியெழுப்புங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். கன்னம் தளர்வாக இருக்க வேண்டும், மூக்கு வழியே காற்று போகக் கூடாது. குழலுக்குள் எழும் எதிரழுத்தம் குரல்நாண்கள் ஒன்றோடொன்று முட்டி மோதாமல் அதிர உதவுகிறது. அடுத்து மத்திய ஸ்தாயியில் (நடு ஸ்வரங்களில்) அகார சாதகம், அதாவது ‘ஆ’ என்று மட்டும் பாடும் பயிற்சி. மேல் ஷட்ஜத்தைக் கடைசி கால் மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியாழன், வெள்ளியில் சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொண்டு பாடுவது தோல்வி அல்ல. குருவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தச்சு வேலை எனக்குக் கைவந்த கலை. என் வயலினில் மேல் பலகை ஓரத்தில் வாய் பிளந்திருக்கிறது. நானே ஒட்டலாமா?

ஒட்டலாம், உங்கள் பட்டறையில் இருக்கும் வெள்ளைப் பசையால் மட்டும் வேண்டாம். இதுதான் தச்சர்கள் வயலினில் செய்யும் முதல் தவறு. மேசைக்காலுக்கு ஒட்டு எந்நாளும் விடக் கூடாது. வயலினுக்கு வேண்டும்போது விட வேண்டும். உள்ளே பழுது பார்க்க மேல் பலகையைக் கழற்றியாக வேண்டிய நாள் வரும். அதோடு, காற்று வறண்டு மரம் சுருங்கும்போது ஓரத்து ஒட்டு விட்டுக்கொடுத்தால்தான் பலகை நடுவில் பிளக்காது. உங்கள் வயலின் வாய் திறந்ததே அப்படித் தப்பித்ததாக இருக்கலாம்.

இதற்கு விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழைய வச்சிரப் பசைதான். ஒரு பங்கு குருணைக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீர் விட்டு ஊறவையுங்கள். பசை உள்ள கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குங்கள். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். அறை குளிர்ந்திருந்தால் பூசிய ஒரு நிமிடத்திலேயே இறுக ஆரம்பிக்கும். ஆகவே பிடிக்கருவிகளைப் பசை இல்லாமல் ஒருமுறை மாட்டி ஒத்திகை பார்த்துவிடுங்கள். பலகையில் படும் இடத்தில் தக்கை வையுங்கள். மெல்லிய கத்தியால் பசையைப் பிளவுக்குள் செலுத்தி, வழிந்ததை வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். இறுக்கம், விளிம்புகள் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். உள்ளே நிற்கும் சின்ன மரத்தூண் எதிலும் ஒட்டப்பட்டதல்ல. இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. இறுக்கம் போனால் உருளும். தூண் விழுந்துவிட்டாலோ, ஓரம் அல்லாமல் பலகையே பிளந்திருந்தாலோ வயலின் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல தச்சருக்கு அது புரியும்.

கடிகாரப் பழுது வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பழைய தொழில் இசைக்கு எந்த வகையிலாவது பயன்படுமா?

ஆர்மோனியம் வாசியுங்கள், உங்களைத் தேடி வருவார்கள். ரீடு சுருதி சேர்ப்பது ஏறக்குறைய உங்கள் பழைய வேலைதான். பித்தளை நாக்கின் அடியில் மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகித் தாங்கிப் பிடித்து, சுரண்டியால் ஓரிரு கீறல். ஆடும் நுனிப்பக்கம் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணி அடித்த அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய இடம் சூடாகியிருக்கும். ஆறியபின் பெட்டிக்குள் வைத்துக் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும், வெளியே ஊதிப் பார்த்த சுருதி உள்ளே கொஞ்சம் மாறும். அடிப்பக்கம் அதிகமாகச் சுரண்டிய ரீடு பிறகு ஒருநாள் முறிந்துவிடும். பெரும்பாலும் கோளாறு சுருதியிலேயே இருக்காது. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிய ஒரு தூசிதான். முதலில் ஒரு தாளை ஓட்டிப் பாருங்கள்.

செவிலியர் வேலை, வாரம் மாறும் ஷிப்ட். வயலின் பிடித்தால் விரல் நுனி எரிகிறது.

கழுவிக் கழுவி ஊறிய தோலில் தந்தி பள்ளம் போடுகிறது. கடைசியாகக் கை கழுவி அரை மணி கழித்து வில்லை எடுங்கள். களிம்பு வாசித்தபின் தடவுங்கள், முன்னால் அல்ல. வளர்ந்த தடிப்பைப் பிய்க்காதீர்கள்.

ஷிப்டுக்கு ஒரு யோசனை: இரவு வேலை முடிந்து வந்ததும் புதிய பாடம் வேண்டாம், அது தவறாகவே பதியும். தெரிந்ததை வாசியுங்கள். விரல் பழக்கம் தூக்கத்தில்தான் நன்றாக நிலைக்கிறது. எனவே ஓய்வு நாளில் புதுச் சங்கதியைத் தூங்கப் போகும் முன் கால் மணி, குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில்) ஒலியைக் குறைக்கும் ரப்பர் மியூட் மாட்டிக்கொண்டு, மெதுவான காலத்தில்.

வேறு வேலை பார்த்துக்கொண்டே இசையில் பெயர் எடுத்தவர்கள் உண்டா? அமெச்சூர் என்றாலே இளக்காரமாகப் பார்க்கிறார்களே!

அந்தச் சொல் ‘நேசிப்பவர்’ என்ற பொருளில் பிறந்தது. நம் பேச்சில்தான் அரைகுறை என்று ஆகிவிட்டது. ஆளுக்கா பஞ்சம்? மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) முன்சீப்பாக நீதி சொல்லிக்கொண்டே கீர்த்தனைகள் இயற்றினார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சித்த மருத்துவர். இசை ஆராய்ச்சிக்கும் இசை மாநாடுகளுக்கும் மருந்துத் தொழிலின் வருமானத்தையே செலவிட்டார். ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் வேதியியல் பேராசிரியர். ஆல்டிஹைடு வினைகளை ஆராய்ந்தவர். அவர் 1887இல் இறந்தபோது ஓபரா முடியாமல் கிடந்தது, நண்பர்கள்தான் முடித்தார்கள். வேலை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதற்கு அதுவும் சாட்சி. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடத்தினார். புலிட்சர் பரிசு 1947இல் வந்தது, அதற்குள் அவர் புதிதாக எழுதுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

வேடிக்கையான தலைகீழ் உதாரணமும் உண்டு. வில்லியம் ஹெர்ஷலுக்கு இசைதான் சம்பளம், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். பொழுதுபோக்கு வானம் பார்ப்பது. 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தார், மறு ஆண்டே இசைத் தொழிலை விட்டார்.

எங்கள் வாத்தியக் குழுவில் ஓட்டுநர், கணக்கர், மருத்துவர், விவசாயி என்று ஒன்பது பேர். எல்லோரும் ஒரு நாளாவது சேர்ந்து வந்ததில்லை.

வரவும் மாட்டார்கள். அதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். கணக்கருக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், விவசாயிக்கு அறுவடை, மருத்துவருக்கு அவசர அழைப்பு முறை: இவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரே தாளில் குறித்துவிட்டுக் கச்சேரித் தேதியை வையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே அறிந்த பகுதி நிகழ்ச்சியன்று காணாமல் போகும்.

ஒத்திகை இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். புதிய உருப்படியை முதல் 40 நிமிடத்தில் எடுங்கள், பகல் முழுக்க உழைத்தவர்களுக்குக் கவனம் அதற்குப் பிறகு தங்காது. தனித்தனியாகப் பழகுவதற்கு இரண்டு பதிவுகளை இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள்: ஒன்று உண்மையான காலத்தில், ஒன்று பாதிக் காலத்தில், இரண்டும் தாளத் தட்டுடன். ஓட்டுநர் வண்டி நிறுத்திய நேரங்களில் அதைக் கேட்டுக் கையில் தாளம் போட்டே பாதிப் பாடத்தை முடித்துவிடுவார். தாமதமாக வருபவருக்காகத் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்காதீர்கள். வாசித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் சேர்ந்துகொள்ளட்டும்.