எண்ணெய் காய்ச்சுவதும் தேய்ப்பதும்: வன்னி வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

ஒட்டுசுட்டானில் எங்கள் அப்பா ஊர் வைத்தியராக இருந்தார். அவருடைய தாச்சிக்கு அருகில் நின்று பழகிய நான், பல ஆண்டுகளாக வீட்டுப் பாவனைக்கும் அயலவருக்கும் மூலிகை எண்ணெய் காய்ச்சி வருகிறேன். நோய்க்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தோலைப் பேணுவதற்கும் உடல் அலுப்பைத் தீர்ப்பதற்கும் வீட்டிலே செய்யக்கூடியவற்றைப் பற்றியே இங்கே பதில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒரு தங்கச்சி: கையாந்தகரைச் சாறும் செவ்வரத்தைப் பூவும் சேர்த்துத் தேங்காயெண்ணெய் காய்ச்சினேன், அம்மா. மூன்று கிழமைக்குள் புளித்த மணம் வந்து, போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. எங்கே பிழை விட்டேன்?

பிழை மூலிகையில் இல்லை, தங்கச்சி, தண்ணீரில் இருக்கிறது. நீர் இல்லாத எண்ணெயில் பூஞ்சணம் வளராது. இலைச்சாற்றின் ஈரம் சிறிதளவு தங்கிவிட்டாலும் அது அடியில் இறங்கி நின்று முழுப் போத்தலையும் கெடுத்துவிடும். வைத்திய முறையில் கற்கம் (மூலிகையை அரைத்த விழுது) 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு அல்லது கஷாயம் 16 பங்கு என்று கணக்கு உண்டு. அவ்வளவு சாற்றையும் வற்றவைப்பதற்குப் பொறுமையும் விறகும் வேண்டும் என்பதால், வீட்டுப் பாவனைக்கு அரைப் போத்தல் எண்ணெய்க்கு அரைப் போத்தல் சாறு போதும் என்பது என் அனுபவம்.

அடுப்பில் வைத்தபின் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஈரம் நிறைய இருக்கும்போது பெரிய குமிழிகள் எழுந்து சளசளவென்று சத்தம் கேட்கும். ஈரம் குறையக் குறையச் சத்தம் அடங்கி, மெல்லிய நுரை மட்டும் மேலே நிற்கும். தாச்சியில் நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு நீர் கொதிக்கும் அளவை விட்டு அதிகம் ஏறாது. நீர் தீர்ந்த கணத்தில் சூடு விறுவிறுவென்று ஏறி, கற்கம் கருகத் தொடங்கிவிடும். ஆகவே கடைசிக் கால் மணி நேரமும் நெருப்பைத் தணித்து, அகப்பையால் அடியைத் துழாவிக்கொண்டு, அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்க வேண்டும். கற்கத்தில் சிறிது எடுத்து, ஆறவிட்டு விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். சேறுபோல ஒட்டினால் இன்னும் ஈரம் உண்டு; மெழுகுபோலத் திரண்டு திரியாக உருளுமானால் பதம் நெருங்கிவிட்டது; மணல்போல நறநறக்கத் தொடங்கும்போது, வெளிப்பூச்சு எண்ணெயை நான் இறக்கிவிடுவேன். ஐயம் இருந்தால் ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் தோய்த்து, அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது, சத்தமின்றி எரிந்தால் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாரியில் நான் பதம் சரியாக இறக்கியும், சூடு ஆறுவதற்கு முன்னரே போத்தல்களை மூடிவிட்டேன். உள்ளே ஆவி வியர்த்துச் சொட்டியதால் ஆறு போத்தல் எண்ணெயையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து முழுவதும் ஆறும்வரை வாயில் துணி மட்டுமே கட்டிவைக்கிறேன். உங்கள் போத்தலில் உள்ளதைத் திரும்பக் காய்ச்சிப் பாவிக்க நினைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: அடுப்பில் வைக்காமல் வெயிலில் ஊறவைத்தே எண்ணெய் செய்யலாமா?

செய்யலாம், இலை முழுவதும் காய்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வேப்பிலையையோ துளசியையோ சுளகில் பரப்பி, நிழலில் உலர்த்தி, விரலால் நொறுக்கும்போது சருகுபோல ஒடிகிறதா என்று பார்த்த பின்னரே போத்தலில் போட்டு, இலை மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி, இரண்டு மூன்று கிழமை வெயிலில் வைத்து வடிக்கவும். சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்து வெயில் இதற்கு மிகவும் உகந்தது. பச்சை இலையை இந்த முறையில் ஒருபோதும் போட வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: சோளகக் காற்றில் கைகால்கள் வெளிறி வெடிக்கின்றன. நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா நல்லது? முகத்துக்கும் பூசலாமா?

உடம்புக்கு இரண்டும் நல்லவைதான். சிறுபோகத்தில் எள்ளு விதைக்கும் ஊர்களில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன், ஏனென்றால் அது எளிதில் சிக்கடிப்பதில்லை. எந்த எண்ணெய் என்பதைவிட எப்போது பூசுகிறோம் என்பதில்தான் பலன் அதிகம்: எண்ணெய் தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை, தோலில் உள்ள நீரைப் போகவிடாமல் காக்கிறது. ஆகவே குளித்து, துவாயால் ஒற்றிய கையோடு, தோல் ஈரலிப்பாக இருக்கும்போதே சில துளிகளை மெல்லியதாகத் தடவுங்கள். எங்கள் பகுதியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமாக இருப்பதால் சவர்க்காரம் சரியாகக் கழுவுப்படாமல் தோலில் படிந்துவிடுகிறது. சவர்க்காரத்தைக் குறைத்தாலே பாதி வெடிப்புக் குறையும். முகத்தில் பரு வரும் தன்மை இருந்தால் தேங்காயெண்ணெயைத் தவிர்க்கவும், அது துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டக்கூடும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் இளம் தாய்: என் குழந்தைக்கு ஐந்து மாதம். சளி பிடித்தால் கற்பூரம் போட்ட எண்ணெயை நெஞ்சில் தடவச் சொல்லி மாமி சொல்கிறார். வேப்பெண்ணெயும் ஒரு சொட்டுப் பருக்கலாம் என்கிறார். செய்யலாமா?

மகள், இரண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். மாமி அன்பினால்தான் சொல்கிறார், ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்ச் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். வேப்பெண்ணெயை உள்ளே கொடுத்ததால் குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் கண்டு உயிராபத்துக்குள்ளான சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சலாக (நியூமோனியாவாக) மாறக்கூடும். மூலிகை எதுவும் சேராத தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, இளஞ்சூடாக்கிக் கைகால்களில் மெதுவாக நீவிவிடுங்கள். குழந்தைக்கு அதுவே போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தம்பி: 2009இல் பட்ட செல் காயத்தின் தழும்பு முழங்கைக்கு மேலே இழுத்துப் பிடிக்கிறது. அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். எங்கள் இருவருக்கும் எண்ணெய் உதவுமா?

உதவும், தம்பி, அளவறிந்து செய்தால். தழும்பு முழுவதும் ஆறி மூடியிருக்கும் இடத்தில் மட்டும் நல்லெண்ணெய் இரண்டு துளி விட்டு, பெருவிரலால் வட்டமாகவும் பின்னர் குறுக்காகவும், நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம் போல நீவுங்கள். தழும்பு மறையாது, வறட்சியும் இறுக்கமும் கடியும் குறையும். உள்ளே இரும்புச் சிதறல் இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்த இடத்தை அழுத்தவே கூடாது. கை மடங்குவதே கடினமாக இருந்தால் வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சையையும் கேட்டுப் பெறுங்கள்.

அம்மாவுக்குப் பகலில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பூசிய காலைப் பொய்க்காலுக்குள் வைத்தால் வழுக்கும், வியர்வையோடு சேர்ந்து தோல் ஊறிப் புண்ணாகும். இரவில் பொய்க்காலைக் கழற்றி, கழுவித் துடைத்து, சிவந்த இடமோ கொப்பளமோ இல்லை என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்த பின்னர் சிறிது பூசி, காலையில் கழுவி உலர்த்திப் பொய்க்காலைப் போடட்டும். நாள் முழுவதும் அந்தக் காலை நம்பி நடப்பவருக்கு இரவில் யாராவது பக்கத்தில் இருந்து நீவிவிடுவது எவ்வளவு ஆறுதல் என்று நான் கண்டிருக்கிறேன். அதை நீங்களே செய்துவிடுங்கள்.

வவுனிக்குளத்திலிருந்து ஒரு விவசாயி: வயலில் நின்று குதிக்காலில் பித்தவெடிப்பு. வேப்பெண்ணெய் பூசலாமா?

இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, வேப்பெண்ணெய் ஒரு பங்குக்கு நல்லெண்ணெய் நான்கு பங்கு சேர்த்து இரவில் பூசுங்கள், ஐயா. வெடிப்பிலிருந்து இரத்தம் கசிந்தால் பூசவும் வேண்டாம், சேற்றில் இறங்கவும் வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போவதற்கு அந்த வெடிப்பே போதும். நீரிழிவு இருந்தால் எண்ணெயை நம்பாமல் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு தங்கச்சி: தேசிக்காய்த் தோலை எண்ணெயில் ஊறவைத்தால் முகம் வெளுக்கும் என்கிறார்களே?

வெளுக்காது. தேசிக்காய்த் தோலில் உள்ள பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கும். எந்தப் புதிய எண்ணெயையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்த பின்னரே பாவியுங்கள்.

மன்னாரிலிருந்து ஓர் அம்மா: இரவில் நித்திரை வருவதில்லை. எந்த எண்ணெய் நல்லது?

நித்திரையை வரவழைக்கும் எண்ணெய் என்று ஒன்றை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் வெட்டிவேரைக் காயவைத்து நல்லெண்ணெயில் ஊறவைத்து, படுப்பதற்கு முன்னர் உள்ளங்காலில் பூசி, குதிக்காலிலிருந்து விரல்வரை பெருவிரலால் மெதுவாக அழுத்திவிட்டால், அந்த மண்வாசமும் கைச்சூடும் உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தும். முடித்ததும் காலைத் துணியால் துடைத்துவிட்டு எழும்புங்கள். சீமெந்துத் தரையில் எண்ணெய்க் கால் வழுக்கி விழுந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.