"எதுக்குக் கடன்?" என்று கேட்கலாமா: மகளிர் குழு கேள்வி பதில்

தர்மபுரிப் பக்கம் ஒரு சுய உதவிக் குழுவில் 18 வருஷமாக இருக்கிறேன். அதில் ஆறு வருஷம் ஊக்குநர், அதாவது கூட்டத்தை நடத்தும் பொறுப்பாளர், இப்போது புதுக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த முறை கேள்வி அனுப்பிய பெரும்பாலானோர் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை, மனசில் இருப்பதைக் கூட்டத்தில் எவ்வளவு சொல்வது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, கடன் கேட்டால் காரணத்தையும் சொல்லியே ஆகணுமா? நான் சேமித்த பணம்தானே?

உங்கள் பணம் மட்டும் இல்லையே, 15 பேர் சேமிப்பும் ஒரே கணக்கில் கிடக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் பெயர், தொகை, காரணம், தவணை நாலையும் எழுதுவது உங்களை எடை போட இல்லை, உங்களுக்கு எப்போது பணம் வரும் என்று தெரிந்தால்தான் தவணையைச் சரியாகப் போட முடியும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒருவர் கறவை மாடு வாங்க என்று 20,000 ரூபாய் கேட்டார். சொசைட்டியில் பால் பணம் வருமே என்று பத்தே மாதத் தவணை போட்டோம், அசல் மட்டும் மாசம் 2,000. மூன்றாவது மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மாடே இல்லை. பணம் முழுக்கத் தண்டல்காரருக்குப் போயிருந்தது. தண்டல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், அப்புறம் நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாசலில் வந்து நிற்பார்கள். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நூற்றுக்கு இரண்டு வட்டியில் 20 மாதம் கொடுத்திருப்போம், அவரும் மூச்சு விட்டிருப்பார்.

ஏன் பொய் சொன்னார் என்று யோசித்தபோதுதான் எங்கள் தப்பு தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொருவர் "கந்து வட்டியை அடைக்கணும்" என்று உண்மையைச் சொன்னார், உடனே எங்களில் ஒருவர் "அந்தக் கடனை எதுக்கு வாங்கின?" என்று சிரித்துவிட்டார், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அந்தப் பேச்சு. அதைப் பார்த்த பிறகு யார் உண்மை சொல்வார்கள்? அவர் மாடு என்றுதான் சொல்வார்.

கேள்வி: வீட்டில் அடி உதை. தனியாக வாடகை வீடு பார்க்கப் பணம் வேணும். இதை எப்படி அக்கா 14 பேர் நடுவில் சொல்வேன்?

சொல்ல வேண்டாம்மா. பணம் திரும்பி வருவதைப் பாதிக்கிற விஷயம் எதுவோ அது குழுவுக்குத் தெரியணும், மற்றது உங்களுடையது. "குடும்பச் செலவு, இதிலிருந்து வருமானம் எதுவும் வராது, என் கூலியிலிருந்து மாசம் 700 கட்டுகிறேன்" என்றால் போதும், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லாமல் விடுவதும், இல்லாத மாட்டைச் சொல்வதும் ஒன்று கிடையாது. நம்பிக்கையான ஒரே ஒரு பொறுப்பாளரிடம் மட்டும் தனியாகச் சொல்லி வையுங்கள், கூட்டத்தில் யாராவது தோண்டினால் "எனக்குத் தெரியும், நான் பொறுப்பு" என்று அவர் நிறுத்தட்டும். கடன் ஒரு பக்கம் இருக்கட்டும், உயிருக்குப் பயமாக இருந்தால் கூட்ட நாள் வரை காத்திருக்காமல் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊக்குநர் பெரிய தொகையைத் தானே எடுத்துக்கொள்கிறார். கேட்டால் "என்னை நம்பலையா?" என்கிறார்.

நம்புகிறவர்களும் பாஸ்புக்கைப் பார்க்கலாம். சண்டையாக ஆரம்பிக்காதீர்கள், "அக்கா, இன்றைக்குப் பாஸ்புக்கையும் கடன் பேரேட்டையும் எல்லோருக்கும் சத்தமாக வாசிச்சிடலாமா?" என்று கேளுங்கள், அதையே மாதா மாதம் கேளுங்கள். பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கடன் கேட்கும் நாளில் கூட்டத்தை வேறொருவர்தான் நடத்தணும்.

என் மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு நான் 40,000 கேட்டபோது நானே ஊக்குநர். "இந்தப் பதவியால் எனக்கு வங்கி மேனேஜரைத் தெரியும், என்னிடம் இல்லை என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாகவும் இருக்கும், அதனால் நான் வெளியே உட்காருகிறேன், பிரதிநிதி நடத்தட்டும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போனேன். 25,000 தான் தந்தார்கள். அன்றைக்கு மனசு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை வாயே திறக்காத இரண்டு பேர் அடுத்த மாதம் தங்கள் தண்டல் கடனைப் பற்றி அவர்களாகவே பேசினார்கள்.

கேள்வி: நான் வங்கிக் கடனுக்காகத்தான் குழுவில் சேர்ந்தேன். அது தப்பா?

இல்லவே இல்லை. எங்கள் மாவட்டத்தில் 1989-இல் முதல் குழுக்கள் தொடங்கியபோதும், 1992-இல் கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கிற திட்டத்தை ஆரம்பித்தபோதும், அடமானம் வைக்க எதுவும் இல்லாத பெண்களுக்கு வங்கிக் கதவு திறக்கணும் என்பதுதான் நோக்கமே. முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கடன் கைக்கு வந்த மறுமாதமே கூட்டத்துக்கு வராமல் போவதுதான் தப்பு.

கேள்வி: எங்களில் ஒருவர் வார்டு தேர்தலில் நிற்கத்தான் எல்லோரோடும் பழகுகிறார் போல.

நிற்கட்டுமே. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்த பிறகு குழுப் பெண்கள் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? நிற்கப் போகிறேன் என்று அவர் வாயால் சொல்லணும், தேர்தல் முடியும் வரை குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கணும், அவ்வளவுதான்.

கேள்வி: தனியார் நிறுவனக் குழுக் கடனும் இதுவும் ஒன்றுதானே?

பெயர்தான் ஒன்று. அங்கே நிறுவனத்தின் பணம், இங்கே நம் சேமிப்பு. ஆனால் அங்கே வாங்கினதை இங்கே மறைப்பதால்தான் பல குழுக்கள் உடைகின்றன. வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, வேறு எங்கெங்கே எவ்வளவு கட்டுகிறோம் என்று சொல்லுங்கள், பொறுப்பாளர்கள் முதலில் ஆரம்பிக்கணும்.

கேள்வி (ஒரு கணவர்): யார் எதற்குக் கடன் வாங்கினார்கள் என்று என் மனைவி வீட்டில் சொல்லவே மாட்டேன் என்கிறார்.

தம்பி, உங்கள் வீட்டுக் கடனை அவர் உங்களிடம் சொல்லணும். அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருப்பது சரிதான், வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: பொய் சொல்லிக் கடன் வாங்கினது தெரிந்தால் குழுவை விட்டு நீக்கிவிடலாமா? அந்த மாட்டுக் கடன்காரரை என்ன செய்தீர்கள்?

நீக்கவில்லை. பாதிப் பேர் நீக்கணும் என்றுதான் சொன்னார்கள், அன்றைக்குக் கூட்டம் ராத்திரி பத்து மணி வரை நடந்தது. கடைசியில் தவணையை நீட்டினோம், அவர் 22 மாதத்தில் வட்டியோடு கட்டி முடித்தார். சிரித்தவர் மன்னிப்புக் கேட்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவும் கூட்டத்தில் இல்லை, தண்ணீர்க் குழாயடியில். இப்போதும் இருவரும் குழுவில் இருக்கிறார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது மட்டும் இல்லை.