சிட்டையை எறியாதீர்கள்: கார்மென்ட் வேலை பற்றி உங்கள் கேள்விகள்

பதினோரு வருடம் கட்டுநாயக்கவில் மெஷினில் இருந்தேன், இப்போது ஹட்டனில் சங்க வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மஸ்கெலியா: அக்கா, தங்கச்சியை மேன்பவர் (கம்பனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடம்) ஆள் ஒருவர் கட்டுநாயக்கவுக்குக் கூட்டிப்போகிறாராம். அனுப்பலாமா?

சம்பளம் தருவது கம்பனியா, மேன்பவரா? அதை முதலில் கேளுங்கள். அன்றன்று கையில் காசு என்றால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டாமல் ஏமாற்றுவது சுலபம். ஓ.டி. சேராமல் சம்பளம் 35,000 என்றால், அவளிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போட்டு, மாதம் 7,000 ரூபாய் அவள் பெயரில் சேர வேண்டும். ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேறு, அது முழுக்க முதலாளி காசு. இதற்கெல்லாம் அவள் கையில் இருக்கும் சாட்சி சம்பளச் சிட்டைதான், ஒன்றையும் எறிய வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பண்டாரவளை: கல்யாணம் கட்டினால் ஈ.பி.எப். எடுக்கலாமா?

பெண்கள் கல்யாணத்துக்காக வேலையை விட்டு நின்றால் எடுக்கலாம்.

தலவாக்கலை: எங்கள் கம்பனி வாசலில் சர்டிபிகேட் தொங்குகிறது, பிராண்ட் ஆட்களும் வந்து பார்க்கிறார்கள். பிறகென்ன பயம்?

தம்பி, கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் கார்மென்ட் 2012 செப்டம்பர் 11இல் எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னலில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. அந்த இடத்துக்கு, தொழிலாளரை நன்றாக நடத்துகிறார்கள் என்று காட்டும் எஸ்.ஏ. 8000 சர்டிபிகேட் கிடைத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 24இல் பங்களாதேஷில் கார்மென்ட்கள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. முதல் நாளே சுவரில் வெடிப்பு கண்டு, கீழே இருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது, தையல்காரர்களை மட்டும் மறுநாள் மாடிக்கு ஏற்றினார்கள். 1,134 பேர் போனார்கள். நான் வேலை செய்த இடத்திலும் ஆடிட்டுக்கு முதல் நாள்தான் பின்கதவை அடைத்திருந்த பெட்டிகளை எடுப்பார்கள், என்ன கேட்டால் என்ன சொல்வது என்று எங்களுக்குப் பாடமும் நடக்கும். வேலைக்குப் போகும் முதல் நாளே அவசரக் கதவு எங்கே, அது திறக்கிறதா என்று பாருங்கள்.

கண்டி: நான் சுப்பர்வைசர். பங்களாதேஷ் வேறு, நம் கட்டடங்கள் நல்ல கட்டடங்கள். இப்படிப் பேசி ஐரோப்பா தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை போனால் பிள்ளைகள் திரும்பக் கொழுந்து பறிக்கவா?

கட்டடம் நல்லதுதான் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2010இல் அந்தச் சலுகை போனது மனித உரிமை உடன்படிக்கைகளை நாடு சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்றுதான், தொழிலாளி வாய் திறந்ததால் இல்லை. 2017இல் திரும்பி வந்தபோதும் தொழிலாளர் உரிமை அதன் நிபந்தனைகளில் ஒன்று. வாயை மூடி அதைக் காப்பாற்ற முடியாது.

கண்டி: எங்கள் இடத்தில் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறோம் தெரியுமா?

யாருடைய பாதுகாப்புக்கு? ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டு துண்டாகத் தேடி, தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. உடுப்பில் துண்டு போய்விடக் கூடாது, யாரோ ஒரு குழந்தை போடப்போவது, சரிதான். அதே ஊசி என் பக்கத்து மெஷின் பிள்ளையின் நகத்துக்குள் ஏறியது. பிளாஸ்டர் சுற்றி அரை மணியில் திரும்ப உட்கார வைத்தார்கள், டார்கெட் குறையவில்லை. அந்த விரலுக்கும் ஒரு தாள் வேண்டும் என்கிறேன்.

அப்படித் தாள் எழுத வைக்கலாம் அண்ணா. ராணா பிளாசாவுக்குப் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட அக்கோர்ட் என்ற பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிராண்டுகள் வாக்கு மீறினால் தொழிற்சங்கம் நடுவர் மன்றம் வரை இழுக்கலாம். இரண்டு பிராண்டுகளை இழுத்தும் இருக்கிறார்கள். பக்கத்தில் திண்டுக்கல்லிலும் 2022இல் பெண் தொழிலாளர் பாதுகாப்புக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டார்கள்.

பதுளை: அக்கா, கல்யாணத்துக்கு ஈ.பி.எப்....

மேலே இருக்கிறது தங்கச்சி, வாசியுங்கள். சிட்டைகளும் வைத்திருங்கள்.

பொகவந்தலாவ: தோட்டத்தில் பேர் (நாள் சம்பளம்) வெட்டுகிறார்கள்.

நான் கார்மென்ட் ஆள். உங்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

கொட்டகலை: ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம்தான். ஆர்டர் இல்லை என்று சிங்களத்தில் ஒரு கடிதம் தந்து கையெழுத்துக் கேட்கிறார்கள்.

போடாதீர்கள்! அது நீங்களாகவே விலகுவதாக எழுதிய கடிதமாக இருக்கலாம். நம் பிள்ளைகள் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது இந்தக் கடிதத்தில்தான். ஐந்து வருடம் முடிந்தால், வேலையை விட்டுப் போகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக முதலாளி தர வேண்டும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஆர்டர் இல்லை என்று நிறுத்த உங்கள் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லை தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது. கடிதத்தைப் படம் எடுத்து, சிங்களம் தெரிந்த நம்பிக்கையான ஆளிடம் வாசிக்கக் கொடுங்கள். நாளைக்கே தொழில் அலுவலகம் போங்கள், சிட்டைக் கட்டையும் எடுத்துக்கொண்டு.