கண்கட்டிக்கு ஒத்தடம் போதுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கி வேலைக்குப் போகிறேன். மூன்று மாதத்தில் இது இரண்டாவது கண்கட்டி. டாக்டரிடம் போகாமல் சரிசெய்ய முடியுமா? திரும்ப வராமலிருக்க என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் ஒத்தடத்திலேயே அடங்கிவிடும். "கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை" என்பவர்களை விசாரித்தால், துணியை முக்கி ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். அதனால் ஒரு பயனும் கிடையாது.

முதலில் அது கண்கட்டிதானா என்று பாருங்கள். இமை ரோமத்தின் அடியில் சிவந்து, தொட்டால் சுரீரென்று வலித்து, இரண்டு மூன்று நாளில் மஞ்சளாக முனை தெரிந்தால் கண்கட்டி. அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டு, உள்ளே ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி சேர்ந்து சீழ் பிடித்திருக்கிறது. ரோமத்திலிருந்து தள்ளி, வலியே இல்லாமல் பட்டாணி மாதிரி வாரக்கணக்கில் உருண்டு நின்றால் அது கலேசியன் என்ற வேறு வகைக் கட்டி. வெள்ளைவிழி முழுக்கச் சிவந்து பீளை தள்ளினால் மெட்ராஸ் ஐ. அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.

பி.ஜி.யில் அடுப்பு இருக்காது, கெட்டில் இருக்கும். ஒரு டம்ளர் கொதிநீருக்கு மூன்று டம்ளர் சாதாரணக் குடிநீர் என்று கலந்தால், மும்பை வெயிலுக்குச் சுமார் 45 டிகிரி வரும். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுகமான சூடாகத் தெரிய வேண்டும், சுடக்கூடாது. மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். பழைய பருத்திக் கைக்குட்டைகள் இரண்டை எட்டாக மடித்து, ஒன்று கண்ணில் இருக்கும்போது மற்றது தண்ணீரில் இருக்கட்டும். ஈரத்துணி இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும், அதனால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சுரப்பியில் இருப்பது உறைந்த நெய் மாதிரி. 40 டிகிரியாவது தொடர்ந்து பட்டால்தான் இளகும். ஒரு தடவைக்கு 10 நிமிஷம், நாளைக்கு நாலு தடவை. மைக்ரோவேவில் ஈரத்துணியைச் சூடாக்காதீர்கள். ஓரிடத்தில் மட்டும் கொதித்திருக்கும், இமைத் தோலோ உடம்பிலேயே மெல்லியது.

பிதுக்கவே கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. கிருமி பக்கத்துச் சதைக்குள் பரவிவிடும். தானாக உடைந்தால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பாகத் துடைத்து எறிந்துவிடுங்கள்.

நாமக்கட்டி உரைத்துப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் சரியானது என்று இங்கே சண்டைக்கு வருவார்கள். பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. ஒன்றும் போடாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் கண்கட்டி வடிந்துவிடும். பெயர் நாமக்கட்டிக்குப் போகிறது. காய்ந்த துகள் கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியை உராய்ந்துவிடும்.

அதைவிட எனக்கு ஆற்றாமை மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்துதான். பலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிவப்பு உடனே குறைவதால் ஜனங்கள் மீதியைப் பத்திரப்படுத்தி அடுத்த தடவையும் விடுகிறார்கள். நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே போகலாம்.

உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதால், இமை ஓரத்தைக் கவனியுங்கள். ரோமத்தின் அடியில் பொடுகு மாதிரி செதில் இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். கால் டம்ளர் வெதுவெதுப்பான நீரில் பேபி ஷாம்பு இரண்டு சொட்டு விட்டு, பஞ்சு பட்ஸால் கண்ணை மூடிக்கொண்டு ரோம ஓரமாகத் தேய்த்துக் கழுவுங்கள், தினம் இரவு ஒரு முறை. இப்போது வைத்திருக்கும் மை, மஸ்காரா இரண்டையும் தூக்கிப் போடுங்கள். கட்டி ஆறும்வரை கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பி.ஜி.யில் துண்டு யாரோடும் பகிராதீர்கள். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்த கை, கழுவும்வரை கண்ணுக்குப் போகக்கூடாது. சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கண்ணில் பவர் இருந்து கண்ணாடி போடாதவர்களும் கசக்கிக் கசக்கி இதை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் வீக்கம் கூடினால் டாக்டரைப் பாருங்கள். இமை முழுக்க வீங்கி மூடிக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, விழியை அசைத்தால் வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். செலவுக்குத் தயங்கினால், செம்பூரிலிருந்து பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே கண் ஓ.பி.க்குப் போய்விடுங்கள். ஊரில் அம்மா அப்பாவுக்கு ஒரே இடத்தில் கட்டி மறுபடி மறுபடி வந்தாலோ, அந்த இடத்து ரோமம் உதிர்ந்தாலோ, ஒத்தடத்தோடு விடாதீர்கள். இமைப் புற்றுநோய் சில சமயம் இதே உருவில் வரும்; சதையைப் பரிசோதித்தால்தான் தெரியும்.