முத்திரைத்தாள் கையெழுத்தோடு முடிந்துவிடாது

கேள்வி: கல்குவாரியில் ஜாக்ஹாமர் ஓட்டிய என் அண்ணன் (வயது 35) 2025 மார்ச்சில் பாறை சரிந்து இறந்தார். மாதச் சம்பளம் 20,000 ரூபாய், கான்ட்ராக்டரின் ஆள். குவாரித் தரப்பு 3 லட்சம் கொடுத்து, ‘இனி எதுவும் கேட்கமாட்டோம்’ என்று அண்ணியிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டது. குடித்திருந்தார் என்றும் சொல்கிறார்கள். இனிக் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அந்தத் தாள் செல்லாது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 2025 நவம்பருக்கு முன்பே விபத்து நடந்ததால் 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் இதற்குப் பொருந்தும். அதன்படி உயிரிழப்புக்கான தொகையைத் தொழிலாளர் துறையில் உள்ள இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து கையில் கொடுத்தது கணக்கில் சேராது. முன்பணம் என்று மூன்று மாதச் சம்பளத்தை, அதாவது 60,000 ரூபாயை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வரும்? சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 2020-இல் வைத்த உச்சவரம்பு அது. விலைவாசி அரசின் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அதில் பாதி 7,500. வயதுக்கேற்பப் பெருக்க வேண்டிய எண் (காரணி) சட்ட அட்டவணையில் இருக்கிறது; முப்பத்தைந்து வயதுக்கு அது 197.06. பெருக்கினால் 14,77,950 ரூபாய். ஈமச்சடங்குக்கு 5,000 தனி. ஒரு மாதத்துக்குள் கட்டாததால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் சேரும். ஆணையர் நினைத்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம்.

குடித்திருந்தார் என்ற பேச்சுக்கு அசராதீர்கள். விரல் போனது, கால் முறிந்தது போன்ற காயங்களுக்குத்தான் முதலாளி அதைச் சொல்லித் தப்பலாம். உயிர் போனாலோ, இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடங்கினாலோ அந்த வாதம் எடுபடாது. பிரேதப் பரிசோதனையில் மது இருந்ததாக எழுதியிருந்தாலும் எடுபடாது. ஹெல்மெட் போடவில்லை, மேஸ்திரி சொல் கேட்கவில்லை என்பதற்கும் இதே பதில்தான்.

மனுவைக் குவாரி இருக்கும் ஊருக்கு அலைந்து கொடுக்க வேண்டியதில்லை. அண்ணி குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே கொடுக்கலாம். மனுதாரர்கள் அண்ணி, பிள்ளைகள், உங்கள் தாய் விதவையாக இருந்தால் அவரும். எதிர்மனுதாரராகக் கான்ட்ராக்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள். அவர் கைவிரித்துவிடுவார். குவாரி உரிமையாளரையும், காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் சேருங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், கூலி வந்த வங்கிப் பதிவு ஆகியவை தேவை. வேலை நேரத்தில், வேலை செய்த இடத்தில் இறந்தார் என்று காவல்துறை எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள். இல்லையென்றால் உடன் வேலை செய்த இருவரைச் சாட்சிக்குத் தயார் செய்யுங்கள். குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். உயிரிழப்பைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு அறிவித்தாக வேண்டும். விசாரணை விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பிணவறை வாசலிலேயே ஒட்டிக்கொள்ளும் புரோக்கர்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ‘முப்பது சதவீதம் கொடுங்கள், ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்’ என்பார்கள். மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லும் சட்டத்தையே அலுவலகங்கள் மதிப்பதில்லை. இவர் எங்கே முடிப்பது? இந்தத் தொகையை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, கடனுக்காக ஜப்தி செய்யவும் முடியாது. எனவே ‘பங்கு தருகிறேன்’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது வெறும் காகிதம். வெற்றுத்தாளில் கையெழுத்து, அண்ணியின் பாஸ்புக், ஏடிஎம் அட்டை எதையும் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் தேவையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்.

கெடு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்களுக்கு அது 2027 மார்ச்சில் முடிகிறது.