குட்டை .22 றைபிளும் கொழும்புக் கடற்காற்றும்: கேள்வி பதில்

கட்டைக் குழல் .22 றைபிளை (குழலின் வாய் ஏறத்தாழ 0.22 அங்குலம்) நம்பி எடுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவர என்ன மாற்றலாம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். எல்லோரும் சேர்த்துக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அதுதான் நான் விட்ட பிழை. வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. சுருக்கித் தந்திருக்கிறேன். நான் துப்பாக்கி திருத்தும் லைசன்ஸ் உள்ளவன் அல்ல. ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தின் அலுமாரிச் சாவியை இருபது வருடம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவன், அவ்வளவுதான். கழற்றிப் பார்க்க, துடைக்க, என்ன பிழை என்று சொல்லத் தெரியும். அரம் பிடிக்கிற வேலைக்கு லைசன்ஸ் உள்ளவரிடம் போங்கள்.

வெள்ளவத்தை: என் போல்ட் அக்‌ஷன் .22இல் பத்து வெடிக்கு ஒன்று ‘டிக்’ என்று மட்டும் கேட்கிறது, வெடிப்பதில்லை. புது ஊசியும் ஸ்பிரிங்கும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவா?

ஒன்றும் எடுப்பிக்க வேண்டாம் தம்பி. முதலில், ‘டிக்’ கேட்டவுடன் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டை, திறக்கிறீர்களா? திறக்காதீர்கள். குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், முப்பது வினாடி எண்ணுங்கள். பிந்தி வெடிக்கிற ரவை அபூர்வம்தான், ஆனால் அந்த ஒன்று திறந்த போல்ட்டுக்குள் வெடித்தால் முகத்துக்குத்தான் வரும்.

அப்புறம் அந்த ரவையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். .22இல் மருந்துத் தொப்பி நடுவில் கிடையாது. கோதின், அதாவது ரவையின் பித்தளை உறையின், அடி விளிம்புக்குள்ளே, சுற்றிவர, பற்றவைக்கும் மருந்தைச் சுழற்றிப் பூசியிருப்பார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்க வேண்டும். பூச்சு ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்து, ஊசியும் சரியாக அந்த இடத்தில் விழுந்தால் ‘டிக்’தான். விளிம்பில் ஆழமான, தெளிவான பள்ளம் இருந்தும் வெடிக்கவில்லையா? குற்றம் ரவையில். அதே ரவையை அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் போட்டால் அனேகமாக வெடிக்கும். பள்ளம் மெல்லிய கீறல் போல இருந்தால் குற்றம் றைபிளில்.

அங்கேயும் ஊசிக்குத் தாவ வேண்டாம். எங்கள் கழகத்தில் பழைய பெர்னோ றைபிள் ஒன்று இதே வியாதியோடு கிடந்தது. ஸ்பிரிங் செத்துவிட்டது என்று எல்லோரும் தீர்ப்பு எழுதியாயிற்று. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வருடக்கணக்காக யாரோ தையல் மெசின் எண்ணெய் ஊற்றி ஊற்றி, அது புகைக்கரியோடு சேர்ந்து, விளக்குத் திரியின் அடியில் நிற்குமே ஒரு கறுப்புக் கசடு, அதுபோல ஊசியைச் சுற்றி இறுகியிருந்தது. ஊசி வேகமாகப் போகவே முடியாது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய விட்டுப் பூட்டினோம். ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் விடவே கூடாது. செலவு அரைப் போத்தல் மண்ணெண்ணெய்.

ஆக, கோதைப் பார்க்காமல் பாகம் வாங்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

டொரோண்டோ (விடுமுறைக்குப் பம்பலப்பிட்டி வந்திருப்பவர்): அண்ணை, அங்கே என்னிடம் இருப்பது ரூகர் 10/22, குட்டைக் குழல். வெற்றுக் கோது சரியாக வெளியே பாயாமல் வாசலிலேயே நட்டுக்கொண்டு நிற்கிறது. எதை முதலில் மாற்றலாம்? குழலை நீளமாக்கினால் நல்லதா?

நல்ல றைபிள். 1964இல் வந்தது இன்றும் விற்கிறது. சட்டம் உங்கள் நாட்டுடையது, அதை நீங்கள் பாருங்கள், நான் இயந்திரத்தை மட்டும் கதைக்கிறேன்.

குழலை விடுங்கள். .22இன் மருந்து 16 அங்குலத்துக்குள் கிட்டத்தட்ட எரிந்து முடிந்துவிடும். அதற்கு மேல் நீளம் கூட்டினால் வேகத்தில் பெரிய இலாபம் இல்லை. குட்டைக் குழலால் உங்களுக்கு வந்த நட்டம் சத்தம் கொஞ்சம் கூடியதுதான்.

இந்த வகையில் போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. கோது பின்னால் உதைக்கிற உதையில்தான் போல்ட் போய் வருகிறது. ஆகவே மெல்லிய உதை என்றால் அரைவழிப் பயணம், கோது வாசலில் நட்டுக்கொள்ளும். என்ன ரவை போடுகிறீர்கள்? 40 கிரெய்ன் நிறையுள்ள ஈயத் தலை, வினாடிக்கு 325 மீற்றர் அளவில் போகிற சாதாரண வேக ரவை போல்ட் அக்‌ஷனுக்குத் தங்கம், ஆனால் இதில் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. 375 மீற்றர் அளவில் போகிற வேக ரவையில் ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். வியாதி அதோடு போனால் பணப்பையைத் திறக்கவே தேவையில்லை.

போகவில்லையா? மகசீன்களுக்கு, அதாவது ரவை அடைக்கும் கூடுகளுக்கு, நெயில் பொலிஷால் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். எந்த இலக்கத்தில் சிக்குகிறது என்று கொப்பியில் குறியுங்கள். ஒரே மகசீனில் மட்டும் சிக்கினால் றைபிள் நிரபராதி. மகசீனுக்குள் எண்ணெய் வேண்டாம், உலர்ந்த புறஸ் போதும். அந்தச் சுழல் மகசீனைக் கழற்றுவதென்றால் ஸ்பிரிங் எத்தனை சுற்று இறுக்கப்பட்டிருந்தது என்று எண்ணிக்கொண்டு கழற்றுங்கள், இல்லாவிட்டால் மேசை முழுக்கச் சாமானோடு எனக்குப் படம் அனுப்புவீர்கள்.

மூன்றாவது, எக்ஸ்ட்ராக்டர், அதாவது கோதை இழுத்தெடுக்கும் அந்தச் சின்னக் கொக்கி. கோதின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் பிறாண்டி, பித்தளை கிழிந்தது போல இருந்தால் கொக்கி வழுக்குகிறது. ஆலையிலிருந்து வருகிற கொக்கியின் முனை கொஞ்சம் மொட்டை என்பது பழைய முறைப்பாடு. முனை கூரான கொக்கி தனியாக விற்கிறார்கள். நான் உண்மையில் காசு செலவழிக்கச் சொல்கிற ஒரே பாகம் இதுதான்.

போல்ட் பின்னால் மோதும் இரும்புக் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பி போட்டால் ‘டங்’ சத்தம் குறையும், ஸ்கோப்புக்கு அதிர்ச்சி குறையும். சிக்கலை அது தீர்க்காது. விசையை அழுத்தத் தேவையான ஆறு இறாத்தலை மூன்றுக்குக் கீழே கொண்டுவரும் முழு விசைத் தொகுதியும் உண்டு. குறி நன்றாகும், நம்பகம் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் ஆட்கள் காசைக் கொட்டுகிறார்கள்.

வத்தளை: றைபிளை அது வந்த பஞ்சுப் பெட்டியிலேயே வைக்கலாம்தானே?

வைக்கக் கூடாது. பஞ்சு ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கொழும்பில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தொடும், உப்பு வேறு. பெட்டி கொண்டுபோக மட்டும். வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் துடைத்து இரும்பு அலுமாரிக்குள், சிலிக்கா ஜெல்லோடு.

பொரளை: தோட்டத்துக்குப் பன்றி வருகிறது. .22இல் எந்த ரவை நல்லது?

எதுவும் இல்லை. பன்றி காயத்தோடு ஓடிப் போய் மூன்று நாள் கிடந்து சாகும். அடுத்த கேள்வி.

கல்கிசை: ஐயா, .22 குழலை ஒருநாளும் துடைக்கவே கூடாது என்பது என் கட்சி. பதினைந்து வருடம் துடைக்கவில்லை, குறி அப்படியே இருக்கிறது. நீங்கள் சும்மா ஆட்களைப் பயப்படுத்துகிறீர்கள்.

வந்துவிட்டாரையா. இவருக்கு நான் பதில் எழுதி முடிக்க முன்னம் தெஹிவளையிலிருந்து ஒருவர், “ஒவ்வொரு முறையும் பித்தளைப் புறஸ் போட்டு இருபது தரம் இழுக்காதவன் துப்பாக்கி வைத்திருக்கவே தகுதியில்லாதவன்” என்று எழுதிவிட்டார். அவர் தகப்பனார் வெந்நீர் ஊற்றிக் கழுவுவாராம். சரி, இரண்டு பேரும் இருங்கள்.

தெஹிவளைக்காரரின் தகப்பனார் செய்தது சரி, அவர் காலத்துக்கு. பழைய ரவைகளின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு குழலில் உப்பு மிஞ்சும், உப்பு ஈரத்தை இழுக்கும், விடியும்போது கறள். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் வெந்நீர். 1920களின் பிற்பகுதியிலிருந்து கறள் பிடிக்காத மருந்து .22க்கு வந்துவிட்டது. மருந்து மாறிவிட்டது, சடங்கு மாறவில்லை. இன்று கழுவாமல் கெட்ட குழலை விட, துடைப்புக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு உரசிக் கெட்ட குழல்தான் நான் அதிகம் பார்த்தது. வாய் விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்தால் குறி போயிற்று. பின்பக்கத்தால் கம்பி விட முடியாத வகைக்கு, இழுத்தெடுக்கும் கயிறு வாங்குங்கள்.

கல்கிசைக்காரர் சொல்வதிலும் பாதி உண்மை. ஈயத் தலையில் இருக்கும் மெழுகு குழலில் ஒரு மெல்லிய பூச்சாகப் படியும், அது படிந்த பிறகுதான் குறி ஓரிடத்தில் நிற்கும். துடைத்த குழலில் முதல் பத்துப் பன்னிரண்டு வெடி ஊர் சுற்றும். போட்டிக்கு முதல் நாள் குழலைப் பளிங்காக்கிவிட்டு, 50 மீற்றர் இலக்கின் 10.4 மில்லிமீற்றர் பத்துப் புள்ளி வட்டத்தைத் தேடி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஐயா, துடைக்காதே என்பது காய்ந்த நாட்டு ஆட்களின் வேதம். உங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து கடல் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் கம்பி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?

இதற்கு அவர் பதில் அனுப்பினார்: “ஜன்னல் கம்பிக்கு மெழுகு பூசவில்லையே.” நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெழுகு ரவை போகும் வழியில்தான். சேம்பர், அதாவது ரவை உட்காரும் குழலின் பின்துளை, அதன் விளிம்பிலோ போல்ட் முகத்திலோ அது இல்லை. அங்கே படிகிறது கரி. சேம்பருக்கு முன்னால் கரியும் மெழுகும் சேர்ந்து ஒரு வளையம் கட்டும். ரவை கடைசி அரை மில்லிமீற்றர் உள்ளே போகாமல் நிற்கும், ஊசி அடிக்கிற அடியில் பாதி ரவையை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், ‘டிக்’. வெள்ளவத்தைத் தம்பி, இதையும் பாருங்கள்.

நான் செய்வது இது. சுடுகிற ஒவ்வொரு நாளும் சேம்பரும் போல்ட் முகமும் துடைப்பேன். குழலுக்கு எண்ணெய் நனைத்த துணித்துண்டு ஒன்று மட்டும், கறள் வராமலிருக்க. அடுத்த முறை சுட முன்னம் உலர்ந்த துண்டு ஒன்று, இல்லாவிட்டால் முதல் வெடிகள் எண்ணெயில் வழுக்கிப் போகும். குறி விரிந்தால் மட்டும் முழுத் துடைப்பு. தெஹிவளைக்காரர் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை: வீட்டில் வெறுமையாக விசை அழுத்திப் பழகலாமா?

.22இல் பெரும்பாலும் கூடாது. ரவை இல்லாவிட்டால் ஊசி நேரே சேம்பரின் விளிம்பில் அடிக்கும். பையன்கள் பழகிய ஒரு றைபிளில் பன்னிரண்டு மணி இடத்தில் நகம் பதிந்தது போல ஒரு தழும்பு. அதில் பித்தளை உரசி, ஒவ்வொரு கோதும் இடறித்தான் வந்தது. அதை நிமிர்த்த ஒரு கருவி உண்டு, லைசன்ஸ் உள்ளவர் கையில்தான் அது இருக்க வேண்டும். ஊசி விளிம்பைத் தொடாமல் நிறுத்தும் அமைப்பு சில றைபிள்களில் உண்டு, 10/22 அதில் ஒன்று. கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் .22க்கான பிளாஸ்டிக் போலி ரவை. அதற்கு முன்னம் சேம்பர் வாயை விரலால் தடவிப் பாருங்கள், கண் மட்டும் போதாது.

கிருலப்பனை: துருப்பிடிக்காத எஃகு என்றால் பஞ்சுப் பெட்டியில் வைக்கலாமா?

வத்தளைக்குச் சொன்னதுதான். அந்த எஃகும் கறள் பிடிக்கும், பிந்திப் பிடிக்கும்.

மருதானை: தேங்காய் எண்ணெய்?

தலைக்கு.

நாரஹேன்பிட்டி: ஏசி அறையில் வைத்தால் ஈரப் பிரச்சினை இல்லைத்தானே?

அறைக்குள் இருக்கும்வரை இல்லை. வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த சோடாப் போத்தல் போல இரும்பு வேர்க்கும், உள்ளேயும் வேர்க்கும். காரில் பெட்டியைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள், அப்புறம் திறந்து துடையுங்கள்.

பெயர் போடவில்லை: சத்தம் குறைக்கும் குழாய் வீட்டில் செய்ய...

இங்கே அல்ல. வேறெங்கும் கேட்கவும் வேண்டாம்.

ஜா-எல: மச்சான் அவுஸ்திரேலியாவிலிருந்து எக்ஸ்ட்ராக்டரும் ஸ்பிரிங்கும் பார்சலில் போடுகிறேன் என்கிறார்.

போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். ஸ்பிரிங் சின்னதுதான், ஆனால் சுங்கத்தில் அதன் பெயர் துப்பாக்கிப் பாகம். அனுமதியை எழுத்தில் எடுத்துக்கொண்டு, லைசன்ஸ் உள்ளவர் மூலமாக எடுப்பியுங்கள். லைசன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: அடுத்த வருடப் புதுப்பிப்பு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும். போன வருடம் 30ஆந் தேதி எனக்குப் போன் எடுத்தவர்கள் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மொறட்டுவை: ‘டிக்’ என்று மட்டும் கேட்கிறது, ஊசி மாற்றவா?

கோதைப் பார்த்தீர்களா?

இரத்மலானை: பஞ்சுப் பெட்டி...

இல்லை.

கல்கிசை (மீண்டும்): சனிக்கிழமை என் றைபிளைக் கொண்டு வருகிறேன். பதினைந்து வருடக் குழல். நீங்களே பாருங்கள்.

கொண்டு வாருங்கள். லைசன்ஸும் கையில் இருக்கட்டும். பழைய வெள்ளைச் சறத்தில் துண்டு வெட்டி வைக்கிறேன், பின்பக்கத்தால் ஒரே ஒரு தரம் இழுப்போம். கறுப்பாக வந்தால் அது கரியும் ஈயமும், எல்லோருக்கும் பிளேன்டீ நான். செங்கபிலமாக வந்தால் நீங்கள். தெஹிவளைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவர் வெந்நீர் கொண்டு வருவதாகச் சொல்கிறார். தேத்தண்ணிக்கு உதவும்.